துறவுமடம் நிறுவிய இடைக்காலக் கிறித்தவப் புனிதர்களின் வரலாறுகள்: நிறுவுநரும் விதியும் – உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒப்புநோக்கிய வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால ஐரோப்பாவில் துறவுமடங்களை நிறுவிய கிறித்தவப் புனிதர்களின் வரலாறுகள் பெரும்பாலும் பக்தி இலக்கியமாகவே வாசிக்கப்பெறுகின்றன. அவ்வரலாறுகளில் மீண்டும் மீண்டும் எழும் ஒரு சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருவரின் ஆளுமையை நம்பிக் கூடிய கூட்டம் அவர் மறைந்தபின் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதே அச்சிக்கல். நூர்சியா பெனடிக்ட், ரோமுவால்து, சீத்தோ மடத்தின் இராபர்ட், அசிசியின் கிளாரா ஆகியோரின் வரலாறுகளும், குளூனி மடத்தின் தோற்றமும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. குளூனி மடம் தோன்றிய அதே காலப்பகுதியில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும், 1950இல் காவிரிக்கரையில் தோன்றிய சாந்திவனம் ஆசிரமமும் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

திறவுச் சொற்கள்: புனிதர் வரலாறு, துறவுமடம், விதிநூல், பெனடிக்ட், ரோமுவால்து, உத்திரமேரூர், குடவோலை, சாந்திவனம்.

முன்னுரை

அடியார்களின் வாழ்க்கையைத் தொகுத்துக் கூறும் மரபு தமிழுக்குப் புதியதன்று. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தை இயற்றினார். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஏசுசபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு, கிறித்தவப் புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழ் உரைநடையில் எழுதி 1586இல் அச்சேற்றினார். அந்நூலுக்கு ‘அடியார் வரலாறு’ என்னும் பெயரும் வழங்குகிறது. அயல்மண்ணின் புனிதரைக் குறிக்க ‘அடியார்’ என்னும் சொல் தடையின்றிப் பொருந்தியதிலிருந்து, இவ்வகை நூல்களை ஏற்கும் மனநிலை தமிழில் முன்னரே உருவாகியிருந்ததை உணரலாம்.

ஆயினும் புனிதர் வரலாறுகளை ஆய்வுக்குரிய சான்றாகக் கொள்வதில் இருவகை இடர்ப்பாடுகள் உள்ளன. அற்புதங்களை முன்னிட்டு நூல் முழுவதையும் புனைவெனத் தள்ளுவது ஒன்று. சொன்னவை யாவும் நிகழ்ந்தவை என ஏற்பது மற்றொன்று. இரண்டுமே நூலாசிரியர் எதற்காக எழுதினார் என்னும் கேள்வியை எழுப்புவதில்லை. மடம் நிறுவியவரின் வரலாற்றைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை தேடுவது எளிது. நிறுவுநர் இல்லாத காலத்தில் மடத்தில் வாழ்வோருக்காக அவை எழுதப்பட்டன. ஆகவே நிறுவுநரின் கதையில் மடத்தின் கவலைகளும் கலந்திருக்கின்றன.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இருந்து இப்பொருளை ஆராய்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கூட்டமைப்பு தன்னைத் தானே ஆள்வதற்கான விதிகளை எழுத்தில் பொறித்து வைத்த ஊர் இது. அவ்விதிகளோடு துறவுமட விதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது இரண்டின் இயல்பும் தெளிவாகப் புலப்படுகிறது. இவற்றுக்கிடையே வரலாற்றுத் தொடர்போ தாக்கமோ இருந்ததென்று இக்கட்டுரை கூறவில்லை. ஒரே சிக்கலை எதிர்கொண்ட இரு சமூகங்களின் விடைகளை ஒப்புநோக்குவதே இதன் எல்லை.

வரலாற்றை எழுதியவர்கள்

புனித பெனடிக்ட் தமிழ்க் கத்தோலிக்க மரபில் ஆசீர்வாதப்பர் என அழைக்கப்பெறுகிறார். ஏறத்தாழ 480இல் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்த அவர் 547 அளவில் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதியவர் திருத்தந்தை முதலாம் கிரகோரி. தம் ‘உரையாடல்கள்’ என்னும் நூலின் இரண்டாம் பகுதி முழுவதையும் அவர் பெனடிக்டுக்கு ஒதுக்கினார். இந்நூல் 593–594ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டதாகக் கொள்வர். பெனடிக்ட் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அவர் நிறுவிய மோந்தே கசினோ மடத்தை இலம்பார்டியர் ஏற்கெனவே சூறையாடியிருந்தனர். பெனடிக்டை அறிந்த நான்கு மடத்துத் தலைவர்களிடம் கேட்டவற்றையே எழுதுவதாகக் கிரகோரி அவர்களின் பெயர்களைக் குறிப்பிடுகிறார். செவிவழிச் செய்திக்குச் சான்றாளரைச் சுட்டும் இம்முறை கவனத்திற்குரியது.

அயர்லாந்திலிருந்து சென்று 563இல் அயோனாத் தீவில் மடம் நிறுவிய கொலும்பா 597இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய அதோம்னான், அதே மடத்தின் ஒன்பதாம் தலைவர். ரோமுவால்து 1027இல் மறைந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் பீட்டர் தமியான் அவர் வரலாற்றை எழுதினார். பீட்டர் தமியான் ரோமுவால்துவின் வழியில் தனித்துறவு வாழ்க்கையை மேற்கொண்டவர். கிளேர்வோ மடத்தை 1115இல் நிறுவிய பெர்னார்டின் வரலாற்றையோ, அவர் உயிரோடிருக்கும்போதே அவர் அறியாமல் நண்பர் வில்லியம் எழுதத் தொடங்கினார்.

இந்நால்வரும் மடத்துக்கு வெளியே நின்று எழுதியவர்கள் அல்லர். கிரகோரியும் திருத்தந்தையாகும் முன் துறவியாக வாழ்ந்தவரே. எனவே இவ்வரலாறுகளில் நிறுவுநரின் வாழ்க்கையோடு, எழுதியவரின் காலத்து மடத்துக்கு எது தேவையாக இருந்தது என்பதும் பதிவாகியுள்ளது. பெரியபுராணத்தை ஆராய்வோர் நாயன்மார் காலத்தையும் சோழர் காலத்தையும் பிரித்துக் காண்பது போல, இங்கும் இரு காலங்களைப் பிரித்துக் காணுதல் வேண்டும்.

நிறுவுநர் வரலாற்றின் கட்டமைப்பு

நிறுவுநர்களின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன: ஊரை நீங்குதல், தனிமையில் தங்குதல், மக்கள் தேடி வருதல், விருப்பமின்றித் தலைமை ஏற்றல், பூசல், மடம் நிறுவுதல், மறைவு. பெனடிக்டின் வரலாறு இவ்வரிசையைத் தெளிவாகக் காட்டுகிறது.

கல்விக்காக உரோமைக்கு அனுப்பப்பட்ட இளைஞர் பெனடிக்ட், நகரத்து வாழ்க்கையை வெறுத்துப் படிப்பைக் கைவிட்டு நீங்கினார். சுபியாகோ என்னுமிடத்தில் ஒரு குகையில் மூன்றாண்டுகள் தங்கினார். உரோமானுசு என்னும் துறவி மட்டுமே அவர் இருப்பிடத்தை அறிந்திருந்தார். அவர் தம் பங்கு உணவில் மிச்சம்பிடித்த அப்பத்தைக் கயிற்றில் கட்டிப் பாறைமேலிருந்து இறக்குவார். கயிற்றில் கட்டிய சிறுமணி உணவு வந்ததை அறிவிக்கும்.

பெனடிக்டின் புகழ் பரவியபின், அருகிலிருந்த மடத்தின் தலைவர் இறந்துவிட, அங்குள்ள துறவிகள் அவரைத் தலைவராக வருமாறு வேண்டினர். தம் ஒழுக்கமும் அவர்கள் பழக்கமும் ஒத்துப்போகா என்று அவர் முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார். அவர் அஞ்சியவாறே நடந்தது. அவருடைய கண்டிப்பைப் பொறுக்க இயலாத துறவிகள் திராட்சை மதுவில் நஞ்சு கலந்தனர். வழக்கப்படி ஆசி வழங்க அவர் சிலுவை அடையாளம் வரைந்தபோது பாத்திரம் கல்லெறிபட்டது போல் உடைந்தது. அவர் சினம் கொள்ளவில்லை. தாம் முன்னரே எச்சரித்ததை நினைவூட்டிவிட்டுத் தம் குகைக்குத் திரும்பினார்.

தமிழ் வாசகருக்கு இந்நிகழ்ச்சி திருநாவுக்கரசர் வரலாற்றை நினைவூட்டும். அங்கும் நஞ்சு கலந்த பாற்சோறு வருகிறது. அடியாருக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் ஒற்றுமையைவிட வேற்றுமையே இங்கு முதன்மையானது. திருநாவுக்கரசருக்கு நஞ்சூட்டியோர் அவர் விட்டுவந்த சமயத்தைச் சார்ந்தோர். அவ்வற்புதம் சமயப் போராட்டத்தில் ஒரு பக்கத்தின் வெற்றியைக் காட்டுகிறது. பெனடிக்டுக்கு நஞ்சு கலந்தோர் அவரைத் தாமே அழைத்துத் தலைவராக்கிக்கொண்டவர்கள். ஆகவே இங்குச் சிக்கல் அகத்திலேயே இருக்கிறது. புனிதரை வேண்டி அழைத்தல் எளிது. அவரோடு ஒரு கூரையின்கீழ் நாள்தோறும் வாழ்தல் அரிது. மடத்து வாழ்க்கை பற்றிய இந்த உண்மையைக் கிரகோரி அற்புதக் கதையின் வழியாகச் சொல்கிறார்.

பின்னர் பெனடிக்ட் சுபியாகோவில் பன்னிரண்டு சிறு மடங்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் பன்னிருவரைத் தங்க வைத்தார். அங்கும் புளோரென்சியுசு என்னும் அருட்பணியாளரின் பொறாமை தொடர்ந்தது. பெனடிக்ட் எதிர்த்து நிற்காமல் இடம் பெயர்ந்தார். 529 அளவில் மோந்தே கசினோ மலைமேல், அப்பல்லோ தெய்வத்தின் பழைய வழிபாட்டிடத்தில் தம் புதிய மடத்தை நிறுவினார்.

தங்காத நிறுவுநர்: ரோமுவால்து

பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியின் இரவென்னாவில் உயர்குடியில் பிறந்தவர் ரோமுவால்து. சொத்துத் தகராறு ஒன்றில் அவர் தந்தை செர்சியுசு, உறவினர் ஒருவரைச் சண்டையிட்டுக் கொன்றார். அதனைக் கண்ணுற்ற ரோமுவால்து, தந்தையின் பழிக்குத் தாம் கழுவாய் தேட எண்ணி, கிளாசே என்னுமிடத்திலிருந்த புனித அப்போலினாரிசு மடத்தில் நாற்பது நாள் தங்கச் சென்றார். பின்னர் அங்கேயே துறவியானார். நிலத்துக்காக உறவு கொலையாகும் அவலத்தில் தொடங்கும் இவ்வரலாறு, எந்த நாட்டுச் சிற்றூருக்கும் அயலானதன்று.

ரோமுவால்து ஓரிடத்தில் நிலைத்து இருந்தவர் அல்லர். ஒரு குடியிருப்பை அமைப்பார். அது வளரத் தொடங்கியதும் வேறொருவரைத் தலைவராக்கிவிட்டு நீங்குவார். பேரரசர் மூன்றாம் ஓட்டோ அவரைக் கிளாசே மடத்தின் தலைவராக்கினார். துறவிகள் தம் வழிக்கு வாராமையால், பேரரசர் முன்னிலையிலேயே தலைமைக்கோலைக் கீழே எறிந்துவிட்டு விலகினார். 1012ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நிறுவிய கமால்தோலி, தனித்துறவியரின் குடில்களையும் கூட்டுத்துறவியரின் மடத்தையும் ஒருங்கே கொண்ட மரபாக வளர்ந்தது.

பீட்டர் தமியான் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கு முதன்மை பெறுகிறது. ரோமுவால்து சில காலம் பிரெனே மலையடிவாரத்தில் தங்கியிருந்தார். அவர் தம் நாட்டை விட்டுச் செல்லப்போகிறார் என்று அறிந்த அவ்வூர் மக்கள் கலங்கினர். உயிரோடு அவரை நிறுத்த இயலாதெனில், கொன்றாவது அவர் உடலைத் தம் மண்ணுக்குக் காவலாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தனர். இதனை அறிந்த ரோமுவால்து தலையை மழித்துக்கொண்டு, விடியற்காலையிலேயே ஆவலுடன் உண்ணத் தொடங்கினார். பார்க்க வந்தோர் அவர் அறிவு திரிந்துவிட்டதென்று எண்ணித் திரும்பினர்.

நகைப்புக்குரியதாகத் தோன்றும் இக்கதையில் அச்சுறுத்தும் கருத்து ஒன்று உள்ளது. மக்கள் அவரை வெறுத்ததால் கொல்ல எண்ணவில்லை. அவரை இழக்க விரும்பாததால் எண்ணினர். புனிதரின் ஆற்றல் அவர் உடலில் உறைந்திருக்கிறது என்று நம்பும் சமூகத்துக்கு, அவருடைய போதனையைவிட எலும்பு பயன்மிக்கதாகிவிடுகிறது. ரோமுவால்து எழுத்தில் விதிநூல் எதையும் விட்டுச் செல்லவில்லை. கமால்தோலியின் ஒழுங்குகளைப் பின்வந்தோரே எழுதினர். நிறுவுநரின் உடலைக் காப்பதா, அவர் வாழ்ந்த முறையைக் காப்பதா என்னும் வினாவுக்கு அவர்கள் கண்ட விடை அது.

விதி: நாள்தோறும் வாழ்வதற்கான எழுத்து

பெனடிக்ட் எழுதிய விதிநூல் 73 அதிகாரங்கள் கொண்டது. அவருடைய வாழ்வையும் பண்பையும் மேலும் அறிய விரும்புவோர் அவ்விதியைக் காண்க என்றும், அவர் வாழ்ந்தவாறன்றி வேறுவகையில் கற்பித்திருக்க இயலாது என்றும் கிரகோரியே தம் நூலின் இறுதிப்பகுதியில் கருத்துரைக்கிறார். ஆனால் வரலாறும் விதியும் இரு வேறு உலகங்களாகக் காட்சியளிக்கின்றன. வரலாற்றில் பாத்திரம் சிலுவை அடையாளத்தால் உடைகிறது. விதியில் பாத்திரத்தைக் கழுவி ஒப்படைக்க வேண்டியவர் யார் என்பது எழுதப்பட்டிருக்கிறது.

மடத்தின் கருவிகளை யார் யாரிடம் கொடுத்தோம் என்பதற்குத் தலைவர் பட்டியல் வைத்திருத்தல் வேண்டும் என்கிறது 32ஆம் அதிகாரம். சமையற்பணியை வாரத்துக்கொருவராக முறைவைத்துச் செய்யவும், வாரம் முடிந்ததும் பாத்திரங்களைத் தூய்மையாகப் பண்டகக் காப்பாளரிடம் ஒப்படைக்கவும் 35ஆம் அதிகாரம் பணிக்கிறது. பண்டகக் காப்பாளர் மடத்துப் பொருள்களைப் பலிபீடத்துத் திருக்கலங்களைப் போல மதிக்க வேண்டும் என்பது 31ஆம் அதிகாரத்தின் கருத்து. முதன்மையான செய்திகளில் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்றும், நல்லதை இறைவன் பலவேளைகளில் இளையோருக்கே உணர்த்துகிறார் என்றும் மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. தலைவரைத் துறவியரே தேர்ந்தெடுப்பர்; வரிசையில் கடைசியில் இருப்பவரும் தகுதியுடையவராயின் தேர்வு பெறலாம். தம் குறைகளுக்கு இசைந்துபோகும் ஒருவரைத் துறவியர் தேர்ந்தால் ஆயரும் அண்டை மடத்தாரும் தலையிட்டுத் தடுக்கலாம் என்னும் ஏற்பாடும் 64ஆம் அதிகாரத்தில் உள்ளது. நஞ்சு கலந்த துறவிகளின் கதையை அறிந்தவருக்கு, இவ்வேற்பாடு எவ்வகை அனுபவத்திலிருந்து பிறந்திருக்கும் என்பது விளங்கும்.

910இல் அக்குவித்தானியாவின் கோமகன் வில்லியம் குளூனியில் மடம் அமைக்க நிலம் வழங்கினார். மடத்தின்மேல் தமக்கோ தம் வழியினருக்கோ வேறு ஆட்சியாளருக்கோ உரிமையில்லை என்றும், முதல் தலைவர் பெர்னோவுக்குப்பின் துறவியரே தலைவரைத் தேரலாம் என்றும் அறக்கட்டளைச் சாசனத்தில் எழுதுவித்தார். நடைமுறையில், முன்னவர் பின்னவரைச் சுட்டிக்காட்டும் வழக்கமும் தொடக்ககாலத்தில் இருந்தது. பெர்னோவுக்குப்பின் 927 முதல் 942 வரை தலைமையேற்ற ஓதோவே குளூனியின் புகழைப் பரப்பியவர். அவர் வரலாற்றைச் சீடர் சலேர்னோ யோவான் எழுதினார்.

சீத்தோ மடத்தின் கதை இன்னும் தெளிவானது. 1098இல் இராபர்ட் தம் மொலேசும் மடத்தை விட்டுச் சில துறவிகளோடு சீத்தோவில் குடியேறினார். மறு ஆண்டே அவர் பழைய மடத்துக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டார். நிறுவுநரை ஓராண்டில் இழந்த அம்மடம் அழிந்திருக்கலாம். ஆனால் பின்வந்த ஆல்பெரிக், இசுடீபன் ஆர்டிங் ஆகியோர் அதனைத் தாங்கினர். 1119இல் திருத்தந்தை ஒப்புதல் பெற்ற ‘அன்பின் சாசனம்’ மடங்களுக்கிடையே ஆண்டுப் பேரவையையும், தாய்மடத்துத் தலைவர் கிளைமடத்தைச் சென்று பார்வையிடும் முறையையும் ஏற்படுத்தியது.

பெண்துறவியரில் அசிசியின் கிளாரா தனிச்சிறப்புடையவர். சான் தமியானோ மடத்தில் வாழ்ந்த அவர், ஆண்கள் எழுதிக்கொடுத்த விதிகளின்கீழ் நெடுங்காலம் வாழ்ந்தபின், தாமே ஒரு விதியை எழுதினார். பெண்களுக்காகப் பெண்ணொருவர் எழுதித் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்ற முதல் விதி அது. ஒப்புதல் 1253 ஆகத்து 9இல் வழங்கப்பட்டது. கிளாரா ஆகத்து 11இல் மறைந்தார். தலைவி வாரந்தோறும் சகோதரியரைக் கூட்டிக் கலந்து பேசவேண்டும் என்றும், எல்லாரும் இசையாமல் பெருங்கடன் வாங்கலாகாது என்றும் அவ்விதி கூறுகிறது. வறுமையை நோன்பாக ஏற்றவர் கடனைப் பற்றி எழுதியது, அவருடைய துறவு நடைமுறை அறிவோடு இயைந்திருந்ததைக் காட்டுகிறது.

உத்திரமேரூர்: நிறுவுநர் இல்லாத விதி

குளூனிக்கு நிலம் வழங்கப்பட்ட ஒன்பதாம் ஆண்டில், அதாவது 919இல், தொண்டை மண்டலத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையைக் கல்லில் பொறித்தது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டு அது. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், அம்முறை திருத்தப்பட்டு மீண்டும் பொறிக்கப்பட்டது. இரண்டும் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் காணப்படுகின்றன.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு வர விரும்புவோர் கால்வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதக் கல்வியும் உடையவராதல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டு, ஏதுமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கப்பட்டன. இவ்வாறு தேர்ந்தவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். பணிக்காலம் 360 நாள்.

இம்முறையை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர்களின் சபைக்குரிய ஏற்பாடு இது. ஊரில் உழைத்த ஏனையோர் குடவோலைக்கு உரியராகவில்லை. துறவுமடத்திலும் எல்லாருக்கும் இடமிருந்ததென்று கூற இயலாது. இவ்வெல்லைகளை மனங்கொண்டே ஒப்பிடுதல் வேண்டும்.

ஒப்புமைகள் மூன்று. முதலாவது, இரண்டும் பதவியில் இருப்போரின் நற்பண்பை மட்டும் நம்பவில்லை. கணக்கையும் ஒப்படைப்பையும் நம்பின. பெனடிக்டின் கருவிப் பட்டியலும் உத்திரமேரூரின் கணக்குக் காட்டும் கடமையும் ஒரே அச்சத்தின் விளைவுகள். இரண்டாவது, இரண்டும் இளையோருக்கு இடமளித்தன. மடத்தில் இளையவரின் கருத்து கேட்கப்பட்டது. உத்திரமேரூரில் சிறுவனின் கை, சார்பின்மைக்குச் சான்றாயிற்று. முன்னதில் இளமை அறிவின் வாயில். பின்னதிலோ அறியாமையே அதன் பயன். மூன்றாவது, இரண்டும் புறத்தாரின் துணையை நாடின. தவறான தேர்வைத் தடுக்க மடத்துக்கு ஆயர் இருந்தார். சபை தன் ஏற்பாட்டைச் செய்தபோது அரசனின் அலுவலர் உடனிருந்தார்.

வேற்றுமைகளும் தெளிவானவை. மடத்துத் தலைவர் வாழ்நாள் முழுதும் தந்தையாக இருப்பவர்; வாரியத்தார் 360 நாளில் இறங்குபவர். மேலும் உத்திரமேரூர் விதிக்கு நிறுவுநர் இல்லை; அதைப் பற்றிய அற்புதக் கதையும் இல்லை. முதல் ஏற்பாடு போதாதென்று கண்டபோது இரண்டாண்டுக்குள் அதனைத் திருத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். புனிதர் ஒருவர் அளித்த விதியைத் திருத்துவது அத்துணை எளிதன்று. சீத்தோ துறவிகள் புதியதோர் வாழ்க்கைமுறையைத் தொடங்கியபோதும் பெனடிக்டின் விதிக்கே திரும்புவதாகச் சொல்லிக்கொண்டதை இங்கு நினைவுகூரலாம்.

தமிழகத்தின் சைவ மடங்கள் மூன்றாவது வழியைக் காட்டுகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் நமச்சிவாய மூர்த்திகளால் திருவாவடுதுறை ஆதீனமும், குருஞானசம்பந்தரால் தருமபுரம் ஆதீனமும் தோன்றின. இங்குத் தொடர்ச்சியைக் காப்பது குருமரபு. இருக்கும் ஆதீனகர்த்தர் தம் பின்னவரைத் தெரிந்து உபதேசமும் அபிடேகமும் செய்விக்கிறார். ஆக, தேர்தல், குடவோலை, குருமரபு என ஒரே வினாவுக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன.

சாந்திவனம்: காவிரிக்கரையில் ஒரு சான்று

இச்சிக்கல் இடைக்காலத்தோடு முடியவில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், 1950 மார்ச் 21இல், புனித பெனடிக்டின் திருநாளன்று, சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கப்பெற்றது. சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். இதனை நிறுவியோர் பிரெஞ்சு நாட்டினர் இருவர். இலியோன் மறைமாவட்ட அருட்பணியாளரான சூல் மொன்சனேன் 1939இல் இந்தியாவுக்கு வந்து திருச்சிராப்பள்ளி மறைமாவட்டச் சிற்றூர்களில் பணியாற்றியவர். ஹென்றி லெ சோ பிரித்தானி பகுதியைச் சேர்ந்தவர். கெர்கோனான் மடத்தில் பெனடிக்டின் விதிப்படி துறவியாக வாழ்ந்து 1948இல் இந்தியாவுக்கு வந்தவர். முன்னவர் பரம அரூபி ஆனந்தர் என்றும், பின்னவர் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் ஏற்றனர். காவியுடையும் எளிய குடிலும் மரக்கறி உணவும் கொண்டு, பெனடிக்டின் விதியை இந்தியத் துறவு மரபோடு இணைக்க முயன்றனர்.

இடைக்கால வரலாறுகளில் கண்ட வரிசை இங்கும் அமைகிறது: நாடு நீங்குதல், தனிமை, ஆற்றங்கரைக் குடில். ஆனால் மக்கள் திரண்டு வந்து சேருதல் என்னும் கட்டம் இங்கு நிகழவில்லை. நிறுவுநர் காலத்தில் நிலையான துறவியர் குழு உருவாகவில்லை. மொன்சனேன் 1957 அக்டோபரில் பாரிசில் மறைந்தார். 1949இல் இரமண மகரிசியைக் கண்ட நாள்முதல் அபிஷிக்தானந்தரின் மனம் திருவண்ணாமலைக் குகைகளின்பால் ஈர்க்கப்பட்டிருந்தது. 1968இல் அவர் ஆசிரமத்தை விட்டு இமயமலைப் பகுதிக்குச் சென்றார். 1973இல் இந்தூரில் மறைந்தார். சாந்திவனத்தின் இரு நிறுவுநர்களுமே அங்கு வாழ்வை முடிக்கவில்லை. ரோமுவால்துவின் வரலாறு இதனோடு எத்துணை நெருக்கமானது என்பது கூறாமலே விளங்கும்.

1968இல் ஆசிரமத்தை ஏற்றவர் ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸ். பெனடிக்டின் சபைத் துறவியாக வாழ்ந்து 1955இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1958இல் கேரளத்துக் குரிசுமலையில் சீத்தோ மரபைச் சார்ந்த பிரான்சிசு ஆச்சார்யாவோடு இணைந்து ஆசிரமம் தொடங்கியவர். அவர் தலைமையில் சாந்திவனம் உலகெங்கிலுமிருந்து வருவோரை ஈர்த்தது. புகழ் பெருகிய அவ்வேளையில்தான் பழைய வினாவும் எழுந்தது: இவருக்குப்பின் என்ன? 1980களின் தொடக்கத்தில் சாந்திவனம் கமால்தோலி சபையோடு இணைந்தது. தனித்துறவுக்கும் கூட்டுவாழ்வுக்கும் ஒருங்கே இடமளிக்கும் அச்சபையின் அமைப்பு ஆசிரமத்தின் இயல்போடு பொருந்தியது. பீட் கிரிபித்ஸ் 1993 மே 13இல் சாந்திவனத்திலேயே மறைந்தார். ஆசிரமம் தொடர்ந்து இயங்குகிறது. எழுத்தில் விதி எதையும் விட்டுச் செல்லாத ரோமுவால்துவின் வழி, பின்வந்தோர் அதனை எழுதிக் காத்ததனால், ஏறத்தாழ ஆயிரமாண்டுக்குப்பின் காவிரிக்கரையில் மற்றொரு மடத்தைத் தாங்கிநிற்கிறது.

முடிவுரை

இடைக்காலத்தில் துறவுமடம் நிறுவிய புனிதர்களின் வரலாறுகள், ஆளுமையின் ஈர்ப்பையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டுகின்றன. அழைத்தவர்களே பெனடிக்டுக்கு நஞ்சு கலந்தனர். நேசித்தவர்களே ரோமுவால்துவைக் கொல்ல எண்ணினர். சீத்தோ ஓராண்டில் தன் நிறுவுநரை இழந்தது. இந்நிகழ்ச்சிகளை மடத்தைச் சார்ந்த ஆசிரியர்களே மறைக்காமல் எழுதி வைத்தனர். இனி வரப்போகும் துறவியருக்கு நிறுவுநரின் புகழ் மட்டும் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்று இதனால் கருதலாம்.

வரலாறு தொடங்கியதைச் சொல்லி ஊக்கமளிக்கிறது; விதி தொடர்வதற்கு வழிசெய்கிறது. வரலாறு இல்லாத விதிக்குத் திருத்தம் எளிதாகிறது. ஆனால் அதனைக் காக்கும் நினைவு இல்லாவிடில் அது கல்லிலேயே தங்கிவிடுகிறது. உத்திரமேரூர்ச் சபை மறைந்து நெடுங்காலமாயிற்று. அதன் விதியைக் கல்வெட்டறிஞர் படித்துச் சொன்ன பின்னரே உலகம் அறிந்தது. பெனடிக்டின் விதியோ இன்றும் மடங்களில் நாள்தோறும் வாசிக்கப்படுகிறது. கல்லில் எழுதியது நிலைக்கும் என்னும் பொதுக்கருத்தை இவ்வேறுபாடு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. விதியை நிலைக்கச் செய்வது அது எழுதப்பட்ட பொருளன்று. அதனை உரக்கப் படித்து, கருவிகளை எண்ணி ஒப்படைத்து, கணக்கைக் காட்டி வாழும் மனிதர்களே.

தமிழகத்து மடங்கள், ஆசிரமங்கள், அறநிலையங்கள் ஆகியவற்றின் நிறுவுநர் வரலாறுகளை அவற்றின் ஒழுங்குவிதிகளோடும் கணக்கேடுகளோடும் இணைத்து வாசிக்கும் ஆய்வுகள் பெருகுதல் வேண்டும். நிறுவுநர் என்ன செய்தார் என்பதோடு, அவர் இல்லாத மறுநாள் காலையில் அடுப்பை மூட்டியவர் யார் என்பதையும் கேட்கும்போதுதான் ஒரு நிறுவனத்தின் வரலாறு முழுமை பெறும்.